வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க எவ்வளவு ஆகும்? மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு பெயிண்ட் கடைக் கல்லாவில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். கலர் கார்டு கேட்டு வருபவர்களைவிட "அண்ணே, மொத்தமா எவ்வளவு ஆகும்?" என்று கேட்டு வருபவர்கள்தான் அதிகம். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரே கணக்கைத் தினமும் எழுதிக் கிழித்துக் கொடுத்து அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். விலையும் கூலியும் 2025 வாக்கில் மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் புழங்குகிறவை. கடைக்குக் கடை, ஆளுக்கு ஆள் கொஞ்சம் ஏறி இறங்கும். சென்னைக்காரர்கள் கூலியைச் சற்றுக் கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆயிரம் சதுர அடி வீடு அண்ணே, கீழ்த்தளம் மட்டும்தான். உள்ளே வெளியே எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்?

ஏற்கெனவே பெயிண்ட் அடித்து, சுவரும் நல்ல நிலையில் இருக்கிற வீடு என்றால், சாதாரண எமல்ஷனில் (தண்ணீர் கலந்து சுவருக்கு அடிக்கிற பெயிண்ட்) உள்பக்கத்துக்கு 40,000 முதல் 48,000 வரை, வெளிப்பக்கத்துக்கு 25,000 முதல் 32,000 வரை, கதவு ஜன்னல் கிரில்லுக்கு 8,000 முதல் 12,000 வரை ஆகும். மொத்தம் 73,000க்கும் 92,000க்கும் நடுவில் நிற்கும்.

புது வீடு, பட்டி (சுவரைச் சமமாக்கப் பூசுகிற மாவு) பார்த்து ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டும் என்றால் 1,20,000 முதல் 1,45,000 வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். டெக்ஸ்சர், வால்பேப்பர், ஃபால்ஸ் சீலிங் எதுவும் இதில் இல்லை.

வீடே ஆயிரம் சதுர அடிதான். பெயிண்டர் மூவாயிரத்துக்கு மேல கணக்கு போடுறாரு. ஏமாத்துறாரா?

இல்லை. நீங்கள் சொல்வது தரையின் அளவு, அவர் அளப்பது சுவர். பத்துக்குப் பன்னிரண்டு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். தரை 120 சதுர அடி. நாலு சுவரின் சுற்றளவு 44 அடி, உயரம் 10 அடி, ஆக 440. மேலே சீலிங் ஒரு 120. ஒரே அறையில் 560 வந்துவிட்டது. ஹால் பெரிதாக இருக்கும், சமையலறையிலும் பாத்ரூமிலும் டைல்ஸ் பாதிச் சுவரைத் தின்றுவிடும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கட்டடப் பரப்பைப் போல 3 முதல் 3.5 மடங்கு வரும். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 3,200 என்று வைத்துக்கொண்டுதான் கீழே எல்லாக் கணக்கும் போட்டிருக்கிறேன்.

சண்டை வருகிற இடம் கதவும் ஜன்னலும். பல பெயிண்டர்கள் அதைக் கழிக்கமாட்டார்கள். "ஓரம் வெட்டி அடிக்கிறதுக்கும் ஜன்னல் பக்கச் சுவருக்கும் அது சரியாப் போயிடும் சார்" என்பார்கள். சின்ன ஜன்னலுக்கு அது நியாயம்தான். சுவர் முழுக்க நிற்கிற அலமாரியையும் எட்டடி ஷட்டரையும் கழிக்காமல் விட்டால் கேளுங்கள். வேலை ஆரம்பிக்கும் முன்பே டேப்பைப் பிடித்து இருவரும் சேர்ந்து அளந்து, ஒரு தாளில் அறைவாரியாக எழுதிக்கொள்வது நல்லது. வேலை முடிந்த பிறகு அளந்தால் டேப்புக்கும் கோபம் வரும்.

சதுர அடிக்கு ஒருத்தர் 9 ரூபா சொல்றாரு, இன்னொருத்தர் 16 சொல்றாரு. ரெண்டு பேருமே அதே கம்பெனி பெயிண்ட்தான்னு சொல்றாங்க. எதை நம்புறது?

என்னிடம் வரும் கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். 3,200 சதுர அடியை முறையாகத் திரும்ப அடிக்க என்ன செலவாகும் என்று பிரித்துப் பார்ப்போம். சாதாரண ரக எமல்ஷன், ஏஷியனில் டிராக்டர், பெர்ஜரில் பைசன் மாதிரி, இரண்டு கோட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 60 சதுர அடி வரும். அப்படியானால் 20 லிட்டர் பக்கெட் மூன்று, ஒன்று 3,200 என்றால் 9,600. எமல்ஷனுக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சான பிரைமர் இரண்டு பக்கெட் 4,000. ஆங்காங்கே பட்டி பார்க்க ஒரு மூட்டை 900. உப்புத்தாள், பிரஷ், ரோலர், மாஸ்கிங் டேப் எல்லாம் 1,200. பொருள் மொத்தம் 15,700. கூலி, இரண்டு பேர் பன்னிரண்டு நாள், தலைக்கு ஆயிரம், 24,000. ஆக 39,700. சதுர அடிக்கு 12 ரூபாய் 40 காசு. இதை கான்ட்ராக்டாக எடுப்பவர் தன் லாபத்தையும் வைத்து 14, 15 சொல்வார். அது அநியாயம் இல்லை.

இந்த நாற்பதாயிரத்தில் எமல்ஷனின் பங்கு பத்தாயிரம்கூட இல்லை என்பதைப் பாருங்கள். அதே கம்பெனி, அதே பக்கெட் என்றால் அவர்கள் ஒத்துப்போவது அந்தப் பத்தாயிரத்தில் மட்டும்தான். 9 ரூபாய்க்காரர் மிச்சத்தில் கைவைத்திருக்கிறார். பிரைமரை விட்டால் 4,000, ஒரு கோட்டைக் குறைத்தால் ஒன்றரை பக்கெட் மிச்சம், உப்புத்தாளும் போடாவிட்டால் ஏழெட்டு ஆள்கூலி மிச்சம். கழித்துப் பாருங்கள், 23,000 பக்கம் வந்து நிற்கும். அதில் தன் லாபத்தையும் ஏற்றினால் சரியாக 9 ரூபாய். அவர் பொய் சொல்லவில்லை, வேலையைத்தான் பாதியாகச் சொல்லியிருக்கிறார்.

அதனால் ரேட்டைக் கேட்பதற்கு முன் வேலையைக் கேளுங்கள். பழைய பெயிண்டைச் சுரண்டுவீர்களா, பிரைமர் சுவர் முழுக்கவா அல்லது பட்டி பார்த்த இடத்துக்கு மட்டுமா, எமல்ஷன் எத்தனை கோட், ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் விடுவீர்கள். கடைசிக் கேள்விக்கு யோசிக்காமல் "நாலு மணி நேரம்" என்று சொல்கிற ஆளை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். முடிந்த வேலையைச் சோதிக்க உள்ளங்கை போதும். இரண்டு நாள் காய்ந்த சுவரில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவு ஒட்டினால் ஒன்று பக்கெட்டில் தண்ணீர் அதிகம், இல்லையென்றால் அடியில் பழைய சுண்ணாம்பு அப்படியே இருக்கிறது.

நல்ல பெயிண்ட் எடுத்தா செலவு ரெண்டு மடங்கு ஆகிடுமா?

ஆகாது. மேலே சொன்ன கணக்கில் கூலி மாறுவதில்லை. பக்கெட் 6,000 ரூபாய் வரும் நடுத்தர ரகத்துக்குப் போனால் மொத்தம் 48,000 ஆகும், சதுர அடிக்கு 15. ராயல், சில்க் மாதிரி உயர்ந்த ரகம், பக்கெட் பத்தாயிரத்துக்கு மேல், எடுத்தால் 61,000 அல்லது 62,000.

என் அபிப்பிராயம்: ஹாலுக்கும் குழந்தைகள் புழங்கும் அறைக்கும் துடைக்கக்கூடிய நல்ல ரகம் எடுங்கள். சீலிங்குக்குச் சாதாரண வெள்ளை போதும், அங்கே யாரும் கையை வைக்கப்போவதில்லை. கடைக்காரன் நானே இதைச் சொல்கிறேன் என்றால் நம்பலாம்.

ஆளை நாள் கூலிக்கு விடலாமா, கான்ட்ராக்டா கொடுக்கலாமா?

மதுரையில் கைதேர்ந்த பெயிண்டருக்கு நாளுக்கு 900 முதல் 1,100, கையாளுக்கு 700, 800. டீ, வடைச் செலவு தனி. ஒன்றிரண்டு அறை என்றாலோ, வீட்டில் யாராவது கூடவே இருந்து பார்த்துக்கொள்ள முடியும் என்றாலோ நாள் கூலி லாபம். அவசரமில்லாமல் உப்புத்தாள் போடுவார்கள். நீங்கள் காலையில் ஆபீஸ் போய் இரவில் வருபவர் என்றால் பன்னிரண்டு நாள் வேலை பதினெட்டாகும். அப்போது கான்ட்ராக்டே நல்லது.

கான்ட்ராக்ட்டில் முன்பணம் கால்வாசிக்கு மேல் வேண்டாம். பட்டியும் பிரைமரும் முடிந்ததும் ஒரு பங்கு, முதல் கோட்டுக்குப் பிறகு ஒரு பங்கு என்று கொடுங்கள். கடைசிப் பத்து சதவீதத்தை, பகல் வெளிச்சத்தில் ஒரு சுற்று வந்து டச்சப் எல்லாம் முடியும்வரை பையிலேயே வைத்திருங்கள். டியூப் லைட்டில் எல்லாச் சுவரும் அழகுதான்.

பொருளை நாங்களே வாங்கிக் கொடுத்துட்டா மிச்சம் ஆகுமா?

பெரும்பாலும் ஆகும். கூலி மட்டும் என்றால் திரும்ப அடிக்கும் வேலைக்குச் சதுர அடிக்கு 7, 8 ரூபாய். புதுச் சுவருக்கு இரண்டு கோட் பட்டியோடு 14 முதல் 16. பக்கெட்டில் அச்சிட்ட விலைக்குக் கீழே எந்தக் கடையும் தள்ளுபடி கொடுக்கும், கேட்கக் கூச்சப்படாதீர்கள். அச்சிட்ட விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி ஏற்கெனவே அடக்கம், தனியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். முதலில் 28 சதவீதமாக இருந்தது, 2018 ஜூலையில் இறங்கியது.

மொத்தத்தையும் முதல் நாளே வாங்காதீர்கள். சீல் பிரிக்காத வெள்ளை, பிரைமர், பட்டி மூட்டை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வோம். கலர் கலந்த பக்கெட்டை எந்தக் கடையிலும் எடுக்கமாட்டார்கள். உங்கள் படுக்கையறையின் மாம்பழ மஞ்சளை நான் வேறு யாருக்கு விற்பது?

பக்கெட்டுக்குள்ள டோக்கன் இருக்காமே. பணம் போட்டது நாங்க, டோக்கன் பெயிண்டருக்கா?

இருக்கிறது. பெயிண்டர்களுக்கென்று கம்பெனிகள் வைக்கிற ஊக்கத்தொகை அது. இப்போது பல கம்பெனிகளில் போனில் ஸ்கேன் செய்தால் புள்ளிகளாக ஏறும். ஊர் வழக்கப்படி அது பெயிண்டருக்குத்தான் போகிறது. மூன்று பக்கெட் டோக்கனுக்காக அவரோடு முகத்தைக் கடுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை என்பேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். இரண்டு பக்கெட் போதும் என்கிற இடத்தில் மூன்று கேட்டாலோ, குறிப்பிட்ட ஒரு ரகம்தான் வேண்டும் என்று அழுத்தினாலோ காரணம் சில சமயம் அந்த டோக்கனாக இருக்கும். மேலே கொடுத்த லிட்டருக்கு 60 சதுர அடிக் கணக்கை வைத்துச் சரிபாருங்கள். பத்து சதவீதம் கூட இருந்தால் விட்டுவிடுங்கள்.

வெளிச்சுவருக்கு மட்டும் ஏன் ரேட் கூடுது?

வெயிலும் மழையும் தாங்குகிற எக்ஸ்டீரியர் எமல்ஷன் வேறு பொருள். சாதாரண ரகமே பக்கெட் 4,000 தாண்டும், நல்லது 6,500 பக்கம் வரும். சுவர் சொரசொரப்பாக இருப்பதால் கூடுதலாகக் குடிக்கும். அப்புறம் சாரம். ஒரு தளத்துக்கு ஏணி போதும். மாடி வந்துவிட்டால் சாரம் கட்டுகிற கூலியும் வாடகையும் சேர்ந்து சதுர அடிக்கு இரண்டு மூன்று ரூபாய் ஏறும். சிலர் மொட்டை மாடியிலிருந்து கயிற்றில் தொங்கி அடிக்கச் சொல்லி அந்தக் காசை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். இடுப்புப் பட்டை இல்லாமல் உங்கள் வீட்டில் யாரையும் தொங்கவிடாதீர்கள்.

வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் தெரு என்றால், பக்கவாட்டுச் சுவருக்குப் பக்கத்து வீட்டு மாடியில்தான் நிற்க வேண்டும். வேலை தொடங்கும் நாளில் போய்க் கேட்காமல், ஒரு வாரம் முன்பே சொல்லி வையுங்கள். அவர்கள் காயப்போட்ட வத்தல் மேல் துளி விழுந்த வழக்கெல்லாம் என் கல்லாவுக்கு வந்திருக்கிறது.

புது வீடு. அடுத்த மாசம் கிரகப்பிரவேசம். பூச்சு வேலை இப்பத்தான் முடிஞ்சது. உடனே பட்டி பார்த்து அடிச்சிடலாமா?

வேண்டாம். பூச்சுக்குத் தண்ணீர் காட்டி முடித்த பிறகும் உள்ளே ஈரம் இருக்கும். குறைந்தது 28 நாள், முடிந்தால் இரண்டு மூன்று மாதம் காயவிடுவது நல்லது. புதுச் சிமென்ட்டின் காரத்தன்மையும் பெயிண்டைக் கெடுக்கும். சந்தேகமாக இருந்தால், ஒரு சதுர அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தாளின் உள்பக்கம் முத்துமுத்தாக வேர்த்திருந்தால் சுவர் இன்னும் தயாராகவில்லை.

நாள் குறித்தாகிவிட்டது, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது என்றால் பிரைமரும் ஒரு கோட் சாதாரண எமல்ஷனும் மட்டும் அடித்துப் பால் காய்ச்சுங்கள். ஒரு கோடை கழிந்த பிறகு பட்டி பார்த்து முழு வேலை செய்யலாம். இப்போது பதினைந்து, இருபதாயிரம் கூடுதலாகும். ஈரச் சுவரில் முழு வேலையையும் செய்து அது பாளம் பாளமாக வருவதைப் பார்ப்பதற்கு இது மேல்.

ஒரு சுவர்ல மட்டும் கீழே ரெண்டடிக்குப் பெயிண்ட் பொரிஞ்சுக்கிட்டே இருக்கு. எந்த பெயிண்ட் அடிச்சா நிக்கும்?

எதுவும் நிற்காது. வில்லாபுரத்திலிருந்து ஒருவர் மூன்று வருஷத்தில் மூன்று தடவை இதற்காக வந்தார். ஒவ்வொரு தடவையும் முன்பைவிட விலை கூடிய பெயிண்ட் வாங்கிப் போனார். மூன்றாவது தடவை நானே வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். அப்பளம் மாதிரி உப்பி நின்ற இடத்தை விரல் நகத்தால் தட்டினேன். தோல் உரிந்து விழுந்தது, பின்னால் பஞ்சு போல வெள்ளையாக உப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். டைல்ஸ் இணைப்பு வழியாகத் தண்ணீர் செங்கலுக்குள் இறங்கி, அங்கிருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வெளியே வருகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு படிகமாக இறுகிப் பெயிண்டைத் தள்ளும். ராயல் அடித்தாலும் தள்ளும்.

அந்த வீட்டில் பாத்ரூம் இணைப்புகளை அடைத்து, இந்தப் பக்கம் மூன்றடிக்குப் பூச்சைக் கொத்தி எடுத்து, ஒரு மாதம் செங்கலைக் காயவிட்டு, வாட்டர்புரூஃப் கலவை சேர்த்துப் பூசினார்கள். கொத்தனார் கூலியோடு 9,000 ஆனது. மூன்று தடவை பெயிண்டுக்குக் கொடுத்தது அதைவிட அதிகம். முதல் தடவையே நான் சுவரைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும், பக்கெட்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன். இப்போது யாராவது ஒரே சுவருக்கு பெயிண்ட் கேட்டால் முதலில் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கிறேன்.

எந்த மாசம் அடிச்சா மலிவு?

ஆடியில் கிரகப்பிரவேசம் கிடையாது, பெயிண்டர்கள் ஓய்வாக இருப்பார்கள். உள்வேலைக்கு அதுதான் நல்ல சமயம், ரேட்டும் பேசிக் குறைக்கலாம். வெளிவேலைக்கு ஆடிக் காற்று ஆகாது, ஈரப் பெயிண்டில் புழுதி ஒட்டி உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். வெளிப்பக்கத்துக்கு மாசி, பங்குனி சரி.

மார்கழியில் பொங்கலுக்கு முன் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆளைத் தேடுவார்கள். கூலி ஏறும், ஒரே பெயிண்டர் மூன்று வீட்டை ஒப்புக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பார். ஐப்பசி, கார்த்திகையில் வெளிச்சுவரைத் தொடவே கூடாது. தெரிந்தும், என் சொந்த வீட்டு முகப்பை ஓர் ஐப்பசியில் இரண்டு நாள் வெயிலை நம்பி அடித்தேன். மூன்றாம் நாள் மாலை மழையில் நீலம் படியிறங்கித் தெருவுக்குப் போனது. தெருவே பார்த்தது.

கதவு, கிரில்லுக்கு எப்படிக் கணக்கு?

கதவு ஒன்றுக்கு இவ்வளவு, ஜன்னலுக்கு இவ்வளவு என்று எண்ணிக்கையில்தான் பேசுவார்கள். மரத்துக்கும் இரும்புக்கும் அடிக்கிற எனாமல் பெயிண்ட் லிட்டர் 300, 350 ரூபாய். கிரில்லில் துருவைத் தேய்த்து ரெட் ஆக்சைடு (துருவைத் தடுக்கிற சிவப்பு அடிப்பூச்சு) அடித்த பிறகுதான் எனாமல். அதை விட்டால் ஒரே வருஷத்தில் துரு வெளியே வரும்.

பழைய வீடு என்றால் ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்கிற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலைச் சுரண்டும்போது தூசி பறக்காமல் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். சின்னக் குழந்தைகள் அந்த நாட்களில் பாட்டி வீட்டில் இருக்கட்டும்.

வாடகை வீட்டைக் காலி பண்றோம். பெயிண்டிங்குக்குன்னு அட்வான்ஸ்ல ஒரு மாச வாடகையைப் பிடிக்கிறாங்க. நியாயமா?

வழக்கம் அப்படித்தான் இருக்கிறது. சட்டம் வேறு சொல்கிறது. தமிழ்நாட்டின் 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டம், வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் பொறுப்புகளை அட்டவணை போட்டுப் பிரிக்கிறது. அதில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிப்பதும் உரிமையாளர் பக்கம்தான் வருகிறது. நீங்கள் சேதப்படுத்தியது தனி. ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் பெயிண்டிங் கழிவு என்று ஒரு வரி இருந்தால், பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். முதலில் அதை எடுத்துப் படியுங்கள்.

தொகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 600 சதுர அடி வீட்டில் சுவர் சுமார் 1,900 சதுர அடி. மேலே சொன்ன முறையான வேலைக்கு 23,000 அல்லது 24,000 ஆகும், ஒரே கோட் அடித்துவிட்டால் பத்தாயிரத்துக்குள். வாடகை 9,000 என்றால் பிடிப்பது ஒரு கோட்டுக்கான காசு. ஐந்து வருஷம் குடியிருந்தீர்கள் என்றால் சாதாரண எமல்ஷனின் ஆயுளே முடிந்துவிட்டது, யார் இருந்திருந்தாலும் அடித்துத்தான் ஆக வேண்டும். அதைச் சொல்லிப் பாதிக்குப் பேசலாம். பதினொரு மாதத்தில் காலி செய்பவரிடம் முழு மாத வாடகையைக் கேட்டால், குடிபுகுந்த அன்று எடுத்த சுவர் படங்களைக் காட்டுங்கள். படம் எடுத்து வைக்கவில்லையா? அடுத்த வீட்டில் சாமான் இறக்கும் முன்பே எடுத்துவிடுங்கள்.